நக்கலுக்கு எழுதின ஆய்வு, நம்ம ஊர் பேப்பர்ல செய்தி ஆகுற கதை

1.
இது கொஞ்சம் நீளமான இழை. ஒரு டீயை வாங்கி வச்சுக்கிட்டு படிங்க.

"ஆய்வில் தகவல்". இந்த ரெண்டே வார்த்தைதான் இன்னைக்குப் பேசப் போற விஷயம். இந்த ரெண்டு வார்த்தை முன்னாடி வந்துட்டா, பின்னாடி என்ன வந்தாலும் நாம தலையாட்டிடுறோம்.

2.
உங்களுக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். உலகத்துல சில டாக்டர்களும் விஞ்ஞானிகளும் நக்கலுக்குன்னே ஆய்வுக் கட்டுரை எழுதுவாங்க. சக டாக்டர்களைக் குத்திக் காட்ட, கெட்ட ஆய்வு எப்படி இருக்கும்னு காட்ட, சில நேரம் பத்திரிகைகளைச் சோதிச்சுப் பார்க்க.

அது செய்தியாகி, மொழி மாறி, வாட்ஸ்அப்ல ஏறி சாத்தூர், சிவகாசி வந்து சேரும்போது நக்கல் வழியிலயே இறங்கிடும். ஆய்வு மட்டும் வந்து சேரும்.

3.
முதல்ல சாக்லேட் கதை.

2015 மார்ச்ல ஒரு செய்தி உலகம் முழுக்க ஓடுச்சு. டயட்டோட சேர்த்து தினமும் டார்க் சாக்லேட் சாப்பிட்டா எடை இன்னும் வேகமா குறையுமாம். ஜெர்மனி ஆய்வுன்னு சொன்னாங்க. ஐரோப்பாவோட பெரிய நாளிதழ் 'பில்ட்' முதல் பக்கத்துல போட்டுச்சு. 20 நாடுகளுக்கு மேல செய்தியாச்சு. நம்ம நாட்டு 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வும் அதுல அடக்கம்.

4.
அதே வருஷம் மே மாசக் கடைசியில ஜான் போஹானன்னு ஒரு பத்திரிகையாளர் வெளியே வந்து, "அதை வேணும்னே செஞ்சது நாங்கதான்"னு எழுதினார். ஆய்வை நடத்தின 'நிறுவனம்' வெறும் ஒரு வெப்சைட். டயட் செய்திகள் எவ்வளவு சுலபமா உருவாகுதுன்னு காட்டறதுக்காக ஜெர்மன் டிவிக்காரங்களோட சேர்ந்து செஞ்ச வேலை.

இதுல ஒண்ணைக் கவனிங்க. அவங்க எண்களைப் பொய்யா எழுதல. நிஜ மனுஷங்களை வச்சு நிஜமாவே ஆய்வு நடத்தினாங்க. ஆனா மொத்தம் எத்தனை பேர் தெரியுமா? 15 பேர். மூணு குழுவாப் பிரிச்சா குழுவுக்கு அஞ்சு பேர். மூணு வாரம். அவ்வளவுதான்.

5.
அப்புறம் எப்படி 'எடை குறைஞ்சது'ன்னு முடிவு வந்தது?

அங்கதான் சூட்சுமம். எடை, கொழுப்பு, சோடியம், தூக்கம்னு 18 விஷயங்களை அளந்தாங்க. ஒரு விஷயம் தற்செயலா 'தொடர்பு இருக்கு'ன்னு காட்ட 100க்கு 5 வாய்ப்பு. ஒரே ஒரு லாட்டரி சீட்டு வாங்கினா பரிசு விழாது. 18 சீட்டு வாங்கினா? ஏதாவது ஒண்ணுல விழ சுமார் 60 சதவீத வாய்ப்பு. விழுந்த சீட்டு எடையில விழுந்தது. அதையே தலைப்பாக்கிட்டாங்க. மத்த சீட்டையெல்லாம் யாரும் பார்க்கல.

6.
ஆய்வை வெளியிட ஒரு ஜர்னலுக்கு 600 யூரோ கட்டினாங்க. ஒரு வார்த்தை கூட மாத்தாம அச்சாச்சு.

செய்தி போட்ட யாராவது "எத்தனை பேரை வச்சு செஞ்சீங்க?"ன்னு கேட்டாங்களா? கிட்டத்தட்ட யாருமே கேட்கலைன்னு போஹானன் எழுதினார். எட்டாம் கிளாஸ் பையன் கேட்கக் கூடிய கேள்வி இது.

7.
"அது வெள்ளைக்காரன் கதை, நமக்கென்ன?"ன்னு நினைக்கிறவங்களுக்கு அடுத்தது.

இதே போஹானன் 2013ல 'சயன்ஸ்' இதழுக்காக இன்னொரு வேலை செஞ்சார். கல்பாசி, அதாங்க பிரியாணில போடுவோமே, அந்த வகைப் பாசியிலிருந்து எடுத்த ஒரு பொருள் புற்றுநோய் செல்லைத் தடுக்குதுன்னு ஓட்டை உடைசல் நிறைஞ்ச ஒரு கட்டுரை. எழுதினவர் பேர், காலேஜ் பேர் எல்லாமே கற்பனை. 304 ஜர்னலுக்கு அனுப்பினார். 157 ஜர்னல் ஏத்துக்கிச்சு.

அதுல இந்தியாவுல இருந்து இயங்கின ஜர்னல்களை மட்டும் எடுத்துக்கிட்டா, ஏத்துக்கிட்டது 64. நிராகரிச்சது வெறும் 15.

ஆக "ஜர்னல்லயே வந்திருக்கு"ன்னு சொன்னா, "எந்த ஜர்னல்?"னு கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கு.

8.
சரி, நல்ல ஜர்னல்ல வந்தா நம்பலாமா? அங்கயும் ஒரு விவகாரம் இருக்கு.

பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், சுருக்கமா பிஎம்ஜே. உலகத்துல டாக்டர்கள் மதிக்கிற முதல் வரிசை இதழ்கள்ல ஒண்ணு. 40 வருஷத்துக்கும் மேலா வருஷா வருஷம் டிசம்பர்ல கிறிஸ்துமஸ் சிறப்பிதழ் போடுறாங்க. நம்ம வார இதழ்கள் தீபாவளி மலர் போடுற மாதிரி. அதுல வர்ற ஆய்வுகள்ல கணக்கு சரியா இருக்கும், முறை சரியா இருக்கும், கேள்வி மட்டும் குசும்பா இருக்கும்.

9.
உதாரணம் பாராசூட். 2003ல ரெண்டு பேர் அதுல எழுதினாங்க: "விமானத்துல இருந்து குதிக்கிறவங்களுக்கு பாராசூட் உயிர் காக்கும்னு சொல்றீங்களே, அதை முறைப்படி ரெண்டு குழுவாப் பிரிச்சு சோதிச்ச ஆய்வு ஒண்ணாவது இருக்கா? தேடிப் பார்த்தோம், ஒண்ணுமே இல்ல." எதுக்கெடுத்தாலும் "அந்த மாதிரி ஆய்வு இருக்கா?"ன்னு கேட்கிற டாக்டர்களுக்கு வச்ச குட்டு அது.

10.
2018 டிசம்பர்ல அமெரிக்க டாக்டர்கள் அதுக்குப் பதில் குட்டு வச்சாங்க. நிஜமாவே சோதனை நடத்தினாங்க. 23 பேர். பாதிப் பேருக்கு பாராசூட், பாதிப் பேருக்கு வெறும் முதுகுப் பை. குதிச்சாங்க. முடிவு? பாராசூட் போட்டாலும் போடாட்டியும் சாவு, பெரிய காயம் ரெண்டு பக்கமும் பூஜ்யம். அதனால பாராசூட்டால பலன் இல்ல!

உள்ள படிச்சாத்தான் தெரியும். விமானம் தரையில நின்னுட்டு இருந்தது. குதிச்ச உயரம் சராசரியா 0.6 மீட்டர். நம்ம வீட்டுத் திண்ணை உயரம்.

தலைப்பை மட்டும் படிச்சா பாராசூட் வீண். உள்ள படிச்சாத்தான் அவங்க சொல்ல வந்தது புரியும்: யார் மேல, எந்த நிலைமையில சோதிச்சாங்கன்னு பார்க்காம முடிவை மட்டும் தூக்கிட்டுப் போகாதே.

11.
இப்ப கொஞ்சம் சீரியஸான கதை. 2001 டிசம்பர். அதே பிஎம்ஜே. லியோனார்ட் லெய்போவிசின்னு இஸ்ரேல் டாக்டர் ஒருத்தர். 1990ல இருந்து 1996 வரைக்கும் ரத்தத்துல கிருமித் தொற்றோட வந்த 3393 நோயாளிகளோட கோப்புகளை எடுத்தார். 2000 ஜூலையில அவங்களை ரெண்டு குழுவாப் பிரிச்சு, ஒரு குழுவுக்காக மட்டும் பிரார்த்தனை செய்ய வச்சார். அதாவது, ஆஸ்பத்திரியை விட்டுப் போய் நாலு வருஷத்துக்கு மேல ஆனவங்களுக்கு!

இறப்புல பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா பிரார்த்தனைக் குழு ஆஸ்பத்திரியில இருந்த நாளும், காய்ச்சல் இருந்த நாளும் குறைவுன்னு கணக்கு வந்தது.

12.
இது பிரார்த்தனையைக் கேலி பண்ணறதுக்கு இல்ல. அவர் டாக்டர்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது: முறை சரியா இருக்கு, கணக்கு சரியா இருக்கு, ஆனா விஷயம் நடக்கவே முடியாதது. இப்ப நம்புவீங்களா?

என்ன ஆச்சு தெரியுமா? 2003ல காலம் பின்னோக்கியும் வேலை செய்யலாம்னு சிலர் சீரியஸா விவாதம் எழுதினாங்க. அதைவிடக் கொடுமை, ஆய்வுகளையெல்லாம் சலிச்சு எடுத்துத் தீர்ப்பு சொல்ற காக்ரேன் அமைப்பு, பிரார்த்தனை பத்தின தன் தொகுப்புல இதையும் ஒரு நிஜ ஆய்வாவே சேர்த்துக் கணக்குப் போட்டுச்சு. 2009ல வேற விஞ்ஞானிகள் அதைச் சுட்டிக்காட்டிச் சண்டை போட வேண்டி வந்தது.

பத்திரிகைக்காரங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. நாங்களும் ஏமாறுவோம்.

13.
இன்னொண்ணு. 1974ல பிஎம்ஜேக்கு ஒரு கடிதம் வந்தது. செல்லோன்னு ஒரு வாத்தியம், வயலினோட பெரியண்ணன், உட்கார்ந்து முழங்காலுக்கு நடுவுல வச்சு வாசிக்கிறது. அதை வாசிச்சா விதைப்பையில புண் வருதுன்னு கடிதம். கிட்டார் வாசிச்சா மார்புக் காம்புல புண் வருதுன்னு அதுக்கு முன்னாடி வந்த கடிதத்தைப் படிச்சுட்டு எலைன் மர்ஃபிங்கிற டாக்டரும் அவர் கணவரும் விளையாட்டுக்கு எழுதினது.

2009ல அவங்களே ஒத்துக்கிற வரைக்கும், 34 வருஷம், அந்த நோய் மருத்துவக் கட்டுரைகள்ல வாழ்ந்தது. செல்லோ வாசிக்கிறதை ஒரு தடவை நேர்ல பார்த்திருந்தா போதும், வாத்தியம் அங்க படவே படாதுன்னு தெரிஞ்சிருக்கும்.

14.
ஏன் இப்படி நடக்குது? என் கருத்தைச் சொல்றேன்.

நக்கலைக் கண்டுபிடிக்கிறதுல தமிழனை அடிச்சுக்க ஆளே இல்ல. வடிவேலு முகத்தைச் சுளிச்சாலே நமக்குப் புரியும். டீக்கடையில ஒருத்தர் "ஆமாமா, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு சொன்னா, அது பாராட்டு இல்லன்னு குழந்தைக்கும் தெரியும். குரல் காட்டிக் கொடுக்கும். ஆளைத் தெரியும். இடம் தெரியும்.

ஆய்வுக் கட்டுரைக்குக் குரல் கிடையாது. அதே நக்கல் இங்கிலீஷ்ல, ஒரு சதவீதத்தோட, ஒரு யுனிவர்சிட்டி பேரோட வந்தா நாம செருப்பைக் கழட்டி வச்சுட்டுக் கும்பிடுறோம். 'கிறிஸ்துமஸ் இதழ்'ங்கிற அடையாளம் மொழிபெயர்ப்புல முதல்ல உதிர்ந்துடும். ராத்திரி 10 மணிக்குப் பக்கத்தை நிரப்ப வேண்டிய உதவி ஆசிரியருக்கு அது தேவையில்லாத வரி.

15.
"படிச்சதும் இது ஜோக்குன்னு தோணாதா?"ன்னு கேட்பீங்க. தோணுறதை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. 2017ல வைகை அணையில தண்ணி ஆவியாகாம இருக்க தெர்மாகோல் போட்டது நிஜம். போட்டதும் காத்து எல்லாத்தையும் கரை ஒதுக்கினதும் நிஜம். அதை ஒரு வெளிநாட்டுக்காரன்கிட்ட சொன்னா ஜோக்குன்னுதான் நினைப்பான்.

16.
இதுக்கு நேர் எதிரான தப்பும் நடக்குது. அதுதான் நம்ம மாவட்டத்துக்கு ரொம்ப முக்கியம்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ரெண்டு பேர், சித்தரஞ்சன் ஆண்ட்ரேட், ஸ்ரீஹரி. 200 பள்ளி மாணவர்கள்கிட்ட மூக்கு நோண்டுற பழக்கத்தைப் பத்தி ஆய்வு செஞ்சாங்க. 2001ல அதுக்கு 'இக் நோபல்' கிடைச்சது. முதல்ல சிரிக்க வைக்கிற, அப்புறம் யோசிக்க வைக்கிற ஆய்வுக்குக் கொடுக்கிற பரிசு. எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா ஆய்வு முழுக்க நிஜம். மாணவர்கள்ல கால்வாசிப் பேருக்கு அதனால அப்பப்ப மூக்குல ரத்தம் வந்திருக்கு. ஒரு பழக்கம் எந்த இடத்துல நோயா மாறுதுங்கிறது மனநல மருத்துவத்துல நியாயமான கேள்வி.

17.
இப்ப பாம்பு மாத்திரைக்கு வரேன். 2016ல புனேல செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஒரு ஆய்வு செஞ்சது. ஆறு வகைப் பட்டாசை வெடிக்க வச்சு, வெடிக்கிறவங்க நிக்கிற தூரத்துல காத்துல இருக்கிற நுண்துகளை அளந்தாங்க. செய்தி எப்படி வந்தது? "ஒரு பாம்பு மாத்திரை 464 சிகரெட்டுக்குச் சமம்."

இந்தச் செய்தியைச் சிவகாசியில யார்கிட்ட சொன்னாலும் "எவனோ நக்கலுக்கு எழுதியிருக்கான் சார்"ன்னு சிரிப்பாங்க. ஏன் சிரிக்கிறாங்கன்னு எனக்குப் புரியுது. அது அவங்க சோறு.

18.
ஆனா அது நக்கல் இல்ல, நிஜ ஆய்வு. என்ன அளந்தாங்க? பிஎம் 2.5ங்கிற நுண்துகள். என்ன அளக்கல? நோயை. 464 சிகரெட் பிடிச்சா வர்ற நோயெல்லாம் ஒரு பாம்பு மாத்திரையில வரும்னு அந்த ஆய்வு சொல்லல. தலைப்புதான் அப்படி நினைக்க வைக்குது.

அதே நேரம், குனிஞ்சு உட்கார்ந்து பாம்பு மாத்திரை கொளுத்துற அஞ்சு வயசுக் குழந்தையோட மூக்குக்கிட்ட அந்தச் சில நொடிகள் புகை ரொம்ப மோசம்னு அது சொல்லுது. அது உண்மை. வீசிங் இருக்கிற குழந்தைன்னா கண்டிப்பா தள்ளி வைங்க.

தலைப்பை நம்பினவரும் முழுசாப் படிக்கல. சிரிச்சவரும் முழுசாப் படிக்கல. ரெண்டும் ஒரே தப்புதான்.

19.
இதெல்லாம் சுவாரசியமான கதையா மட்டும் இருந்தா நான் டூட்டி முடிச்சு வந்து உட்கார்ந்து எழுத மாட்டேன்.

ஓபியில ஒருத்தர் வந்தார். அம்பதைத் தாண்டினவர், பட்டாசுக்குப் பேப்பர் குழாய் சுத்துற வேலை. கால் விரல்ல புண், ஆறவே இல்ல. சுகர் 400ஐத் தாண்டி இருக்கு. "மாத்திரை எடுக்கறீங்களா அண்ணாச்சி?"ன்னு கேட்டேன். "ரெண்டு மாசமா நிறுத்திட்டேன் சார். பேப்பர்லயே போட்டிருந்தான்"னு சட்டைப் பையில இருந்து மடிச்சு வச்ச துண்டை எடுத்துக் கொடுத்தார். ஒரு சமையல் பொருள் சர்க்கரையைக் கட்டுப்படுத்துதாம், ஆய்வில் தகவலாம்.

கடைசிப் பத்தியில, சின்னதா, 'எலிகளிடம் நடத்திய சோதனையில்'னு இருந்தது. விரல்ல பாதிதான் மிஞ்சுச்சு.

20.
எலி ஆய்வு நக்கல் இல்ல, நிஜம்தான். ஆனா அது அவர்கிட்ட வந்த பாதையும், சாக்லேட் வந்த பாதையும் ஒண்ணுதான். யார் மேல செஞ்சதுங்கிற வரி கடைசிக்குப் போகும், இல்லைன்னா காணாமலே போகும். நக்கல் ஆய்வு எழுதறவங்க அந்தப் பாதையில இருக்கிற பள்ளத்தைத்தான் நமக்குக் காட்டுறாங்க. அதனால டாக்டர்கள் இந்த மாதிரி எழுதுறதை நிறுத்தணும்னு சிலர் சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரியாத துறை ஆபத்தானது.

21.
அதுக்காக "எந்த ஆய்வும் வேண்டாம், எல்லாம் ஏமாத்து"ன்னு போயிடாதீங்க. தடுப்பூசியும் டிபி மருந்தும் உங்க கைக்கு வந்தது ஆய்வாலதான்.

எல்லாத்துக்கும் ஆய்வு கேட்டு நிக்கவும் வேண்டாம். பாராசூட் கட்டுரையோட முதல் பாடம் அது. மருந்து கலக்குற ரூமுக்குள்ள நைலான் துணி வேண்டாம், பருத்திதான் உடுத்தணும்னு சொன்னா "அதுக்கு ஆய்வு இருக்கா சார்?"னு கேட்கிறவங்க உண்டு. நைலான் உரசினா பொறி வரும், தீப்பிடிச்சா உருகித் தோல்ல ஒட்டும். அதுக்கு ஆளுங்களை ரெண்டு குழுவாப் பிரிச்சு சோதிக்க முடியாது. உராய்வுல என்ன நடக்கும்னு நம்ம மாவட்டத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. மறக்க முடியுமா?

22.
பத்திரிகை, டிவி, யூடியூப் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வுச் செய்தி போட்டா முதல் பத்தியிலயே மூணு விஷயம் போடுங்க: மனுஷன் மேல செஞ்சதா எலி மேல செஞ்சதா, எத்தனை பேர், எந்த இதழ்ல எந்த மாசம் வந்தது. ஒரே வரிதான் ஆகும். ஒரு லோக்கல் டாக்டருக்கு ஒரு போன் போட்டா இன்னும் நல்லது. தப்பாப் போச்சுன்னா, செய்தி வந்த அதே இடத்துல, அதே அளவுல திருத்தம் போடுங்க.

23.
படிக்கிறவங்களுக்கு நாலு கேள்வி. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

யார் மேல செஞ்சாங்க? மனுஷனா, எலியா, லேப்ல தட்டுல வளர்த்த செல்லா?
எத்தனை பேர்? 15 பேரா, 15 ஆயிரம் பேரா?
எதை அளந்தாங்க? நோயையா, நோய்க்குச் சம்பந்தமான ஒரு எண்ணையா?
எங்க, எப்ப வந்தது? டிசம்பர் கடைசின்னா இன்னொரு தடவை படிங்க.

இதுக்குச் செய்தியிலயே பதில் இல்லைன்னா, அதை வச்சு உடம்புல எதையும் மாத்தாதீங்க.

24.
தீபாவளி வந்தா தீக்காயத்துக்கு முட்டை வெள்ளைக்கரு, டூத்பேஸ்ட், இங்க்னு ஃபார்வர்டு சுத்தும். ஒண்ணும் தடவாதீங்க. ஐஸும் வேண்டாம். குழாய்த் தண்ணி, 20 நிமிஷம் ஓடவிட்டுக் காட்டுங்க, சுத்தமான துணியால மூடுங்க, ஆஸ்பத்திரிக்கு வாங்க. பெரிய காயம்னா 108க்கு உடனே கூப்பிடுங்க.

25.
அடுத்த தடவை "ஆய்வில் தகவல்"னு எதையாவது பார்த்து மாத்திரையை நிறுத்தலாமான்னு தோணுச்சுன்னா, நிறுத்தறதுக்கு முன்னாடி அந்தத் துண்டை எடுத்துக்கிட்டு ஓபிக்கு வாங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம்னாலும் சரி. சீட்டுக்குக் காசு இல்ல. யாரும் திட்ட மாட்டாங்க. கூட்டமா இருந்தா கொஞ்சம் காத்திருக்கணும், அவ்வளவுதான். சேர்ந்து உட்கார்ந்து கடைசிப் பத்தி வரைக்கும் படிப்போம்.


அரசு மருத்துவர், விருதுநகர் மாவட்டம்